கேட்டு வாங்குகிற நாற்காலி

பெரிய புதன், காலை 5.40. மதுரை மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று நாற்பத்தைந்து ரூபாய். முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள் நான். பண்டிகை நாளில் மற்றவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டு வார்டில் உட்கார்ந்தே பழக்கப்பட்டவள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பயணம் போவதென்று முடிவு செய்ததும் என் மகன் ஊட்டி, கொடைக்கானல் என்று அடுக்கினான். கிறிஸ்தவர்களின் பெரிய வியாழன் பார்க்கக் கடற்கரைக்குப் போகிறேன் என்றதும், "நம்ம வீட்ல சாமியா இல்ல?" என்று கேட்டான். இருக்கிறது. அதற்காக ஊர் பார்க்கக் கூடாதா?

கூப்பிட்டது பிலோமி. பதினோரு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவர் அந்தோணி என் வார்டில் மூன்று மாதம் கிடந்தார். கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர். ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்று முதல் வருடம் தவறாமல் பிலோமி போன் செய்வாள். "பெரிய வியாழனுக்கு வாங்க நர்ஸக்கா." நானும் வருடம் தவறாமல் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

காலை 9.15. தூத்துக்குடி. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பழைய துறைமுகம் வரை ஆட்டோவில் போய் வந்தேன். மரத் தோணிகளில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. வெயில் அந்த நேரத்திலேயே உச்சியைப் பிளந்தது. திரும்பும் வழியில் அரைக் கிலோ மக்ரூன் வாங்கினேன், ஐந்நூறு ரூபாய். வெறும் கையோடு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

10.30. உவரி பஸ். நான் இறங்க வேண்டிய மணப்பாடு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மடியில் துணிப்பையை அணைத்தபடி உட்கார்ந்தார். முக்காணிப் பாலம் தாண்டியதும் என் பையை மோந்து பார்த்தவர் போலத் திரும்பினார்.

"மக்ரூனா? எங்கன போறிய?"

சொன்னேன். அவருக்கும் அதே ஊராம். மனிதர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இனிப்பத் தொடாத தவக்காலத்துல, அதுவும் பெரிய வாரத்துல மக்ரூன் கொண்டு போறியளே! பொட்டியப் பாத்தாலே அவ்வளவு பேரும் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் தொறக்க மாட்டாவ."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்நூறு ரூபாய் போனதால் அல்ல. வார்டில் யாருக்கு என்ன பத்தியம் என்று முப்பத்து நான்கு வருடம் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான்.

பேச்சு வளர்ந்தது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் அவர் சமையல்காரர். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் ஊருக்கு வருவாராம்.

"பெரிய வியாழனுக்கு நான் இல்லாம முடியாது. எங்க ஊர்ல நாந்தான் யூதாசு."

நாடகமா என்று கேட்டேன். இல்லை என்று விளக்கினார். பெரிய வியாழன் மாலை சேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். இது எல்லாக் கோயிலிலும் உண்டு. ஆனால் அவருடைய ஊரில் அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் பதினொன்றுக்குத்தான் சீட்டுக் குலுக்குவார்கள். கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாசுடையது.

"அதுக்குச் சீட்டு கெடையாது. கேட்டு வாங்கணும். கோயில் உபதேசியாரு கேப்பாரு, யாருக்கு வேணும்னு. மனசு உறுத்துதவன் எந்திரிச்சு எனக்குன்னு சொல்லணும்."

"எவனாவது சொல்லுவானா?"

"பத்து வருசமா நான் சொல்லுதேன். வேற எவனுக்கும் உறுத்தல போல." மறுபடி சிரித்தார். இந்தத் தடவை முன் சீட்டுக்காரர்கள் திரும்பவில்லை.

ஆறுமுகநேரி. இரண்டு பக்கமும் உப்புக் குவியல், கண் கூசியது. யார் வீட்டுக்கு என்று அவர் கேட்டார். அந்தோணி, பிலோமி என்றேன். அதோடு அவர் வாய் மூடிக்கொண்டது. திருச்செந்தூரில் கூட்டம் இறங்கி, புதுக் கூட்டம் ஏறி, குலசேகரப்பட்டினமும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் துணிப்பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். மாலத்தீவில் வாங்கிய அத்தர்.

"இத அக்காட்ட குடுத்துருங்க. வழக்கமா முக்குக் கடைல குடுத்துட்டுப் போவேன். அவ எனக்குக் கூடப் பொறந்த அக்கா."

அப்போதுதான் ஆள் யாரென்று பிடிபட்டது. தொம்மை. வார்டில் கணவனின் கட்டிலருகே உட்கார்ந்து பிலோமி மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்த தம்பி. மணப்பாட்டில் இறங்கியதும் அவர் என்னோடு ஆட்டோவில் வரவில்லை, நடந்து போனார். தெற்கே மூன்று கிலோமீட்டரில் அவர்கள் ஊர், ஆட்டோ நூறு ரூபாய். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

பகல் 1.00. பிலோமி என்னைக் கட்டிக்கொண்டாள். மக்ரூனைப் பார்த்துவிட்டு, பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டின்னில் போட்டு இறுக்கி மூடினாள். குப்பியைக் கொடுத்ததும் பீரோவைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னால் வைத்தாள். அங்கே அதே மாதிரிக் குப்பிகள் ஒரு வரிசை இருந்தன. எல்லாவற்றிலும் காகிதம் சுற்றியபடியே இருந்தது.

அந்தோணி சக்கர நாற்காலியில் வந்தார். நான் செய்த முதல் வேலை அவர் காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தது. கை தானாகப் போயிற்று. உணர்வில்லாத காலில் கல் குத்தினாலும் தெரியாது, எறும்பு தின்றாலும் தெரியாது. ஆறே மாதத்தில் குதிகால் அழுகி வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கால்களில் பதினோரு வருடத்தில் ஒரு புண் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. தினமும் காலை ஐந்து மணிக்குப் பிலோமி வெந்நீரில் கழுவி, விரல் இடுக்கு விடாமல் துடைத்து, எண்ணெய் தடவுவாளாம். நர்ஸுகளுக்கு விருது கொடுக்கிறார்களே, அதை இவளுக்குக் கொடுக்க வேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

சாப்பிடும்போது நான் தொம்மையைப் பற்றி எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"முங்குதவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணும், நர்ஸக்கா. முத்துக் குளிச்ச காலத்துலருந்து எங்க கரைல அதான் சட்டம். அண்ணன் தம்பின்னாகூட நம்ப முடியாது. பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன்னா, அக்கா தாலிய நெனச்சாவது கயிற விட மாட்டான். இவன் விட்டான்." பிலோமி அந்தோணியின் தட்டில் கஞ்சி ஊற்றினாள். "ரோந்துப் படகு வருதுன்னு பயந்து, ஒரு தடவகூட ஏறி வான்னு இழுக்காம, கயிறையும் காத்துக் குழாயையும் கடல்ல போட்டுட்டுப் போட்டோட ஓடிட்டான். வேற போட்டுக்காரவதான் இவரத் தூக்கிட்டு வந்தாவ. அம்மா செத்ததுக்கு வந்தான். பந்தலுக்குள்ள விடல நான்."

அந்தோணி தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. காரணம் உண்டு. கம்ப்ரசர் வைத்து முங்குவது சட்ட விரோதம், ரோந்து வந்தால் படகோடு பிடிபடுவார்கள். அதனால் அன்று தொம்மை ஓடியது உண்மை. ஆனால் வார்டில் சேர்த்த இரண்டாம் நாள், காய்ச்சல் வேகத்தில் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. "மூணு மட்டம் இழுத்தான். நான் ஏறல." அப்போது எனக்கு அதன் பொருள் புரியவில்லை. சில நாளில் புரிந்தது: ஏறி வரச் சொல்லித் தொம்மை மூன்று தடவை கயிற்றை இழுத்திருக்கிறார். அதன் பிறகும் கட்டிலருகே பிலோமி தம்பியைச் சபித்துக்கொண்டிருக்க, நான் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்க்கொண்டே இருந்தேன்.

மாலை 4.00. பிலோமி கோயிலைக் கூட்டப் போயிருந்தாள். அந்தோணி என்னிடம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அன்னைக்கு வார்டுல நான் எதாச்சும் சொன்னனா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "சொன்னீங்க."

"யார்ட்டயும் சொன்னியளா?"

"நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது."

அவர் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பினார். "கீழ சங்கு குமியலா கெடந்துச்சு. இன்னும் நாலு எடுத்துட்டு ஏறுவோம்னு நின்னேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. இவ தம்பியத் திட்டிக்கிட்டு இருக்கா. உண்மையச் சொன்னா, ஓம் பேராசைக்கு நான் ஏன் பீ மூத்திரம் அள்ளணும்னு போயிருவாளோன்னு பயம். காலும் போயி அவளும் போனா நான் என்ன செய்வேன்?"

அவருக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மாலை 6.00. கோயில். பூசை முடிந்து சீட்டுக் குலுக்கினார்கள். சீடர்களில் பேதுரு ஒரு படகுக்காரருக்கு, அருளப்பர் ஒரு டீக்கடைக்காரருக்கு என்று பதினொன்றும் முடிந்தது. உபதேசியார், சாமியாருக்குக் கோயில் வேலையில் துணை நிற்கும் எழுபது வயது மெலிந்த மனிதர், தொண்டையைச் செருமினார்.

"கடைசி நாற்காலி. யாருக்கு வேணும்?"

எல்லாத் தலையும் பின்னால் தூணோரம் நின்ற தொம்மையிடம் திரும்பியது. அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு."

அந்தோணி. அவர் நீட்டி முழக்கவில்லை. மூன்று தடவை கயிறு இழுபட்டதையும் தாம் ஏறாததையும் சொன்னார். "இவன் இழுக்கவே இல்லன்னு பதினோரு வருசமா ஊரு பேசுது. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதனால நாற்காலி எனக்கு."

தொம்மை முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "எதுக்கு மச்சான் இதெல்லாம்? இழுத்தது வேற. கயிற விட்டது நாந்தான? மச்சான் ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன, கயிறு பிடிக்கிறவன் விடலாமா? நாற்காலி எனக்குத்தான்."

"நான் மொதல்ல கேட்டேம்லே."

"பத்து வருசமா நான் உக்காருதேன்!"

பதவி நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யூதாசின் நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டி அன்றுதான் பார்த்தேன். உபதேசியார் தவித்துப்போய், "ஏலே, நாற்காலி ஒண்ணுதான்லே இருக்கு," என்றார். சாமியார் இளம் வயதுக்காரர், ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டவருக்கு என்றார்.

நான் பிலோமியைத் தேடினேன். பெண்கள் பக்கம் அவள் இடம் காலியாக இருந்தது.

பெரிய வியாழன், காலை 5.00. வழக்கமான நேரத்துக்கு நான் விழித்தேன். அடுப்பில் வெந்நீர் இல்லை. கால் கழுவுகிற பேசின் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. பிலோமி கடலைப் பார்த்துக் குந்தியிருந்தாள்.

"எங்க அம்மா மொகத்த அவன் பாக்கல, நர்ஸக்கா. தெரு முக்குல நின்னு அழுதுட்டுப் போனான். இவருக்கு அது தெரியும். மறுநாள் காலைலயும் நான் இவரு கால கழுவுனேன். அப்பமாச்சும் சொல்லிருக்கலாம்லா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் தெரியும் என்று சொல்ல நல்ல நேரம் அதுதான். சொல்லவில்லை. நானே கால் கழுவுகிறேன் என்று அந்தோணியிடம் போனேன். அவர் மறுத்துவிட்டார். "வேண்டாம். கழுவாத காலோடயே போறேன்."

மாலை 5.30. பீடத்தின் முன் பதினோரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். பன்னிரண்டாவது இடத்தில் சக்கர நாற்காலி. கோயில் மணியெல்லாம் அடித்து ஓய்ந்தன, இனி சனிக்கிழமை வரை மரக்கட்டைதான் தட்டுவார்களாம். சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். மற்றவர்கள் தண்ணீர் பட்டதும் விரலை மடக்கினார்கள், ஒருவர் கூச்சத்தில் நெளிந்தார். அந்தோணிக்குத் தண்ணீர் பட்டது தெரியாது. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சாமியார் துடைத்து முத்தமிட்டபோது அவர் தோள் குலுங்கியது.

சேசு அன்று யூதாசின் காலையும் சேர்த்துத்தான் கழுவினார் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தே கழுவினாராம். எனக்கு அது புதுச் செய்தி. சுவரோரம் நின்ற பிலோமி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மாலை 7.30. வீட்டு வாசலுக்கு வந்ததும் பிலோமி சக்கர நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள். வந்தபோது தொம்மையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பதினோரு வருடமாக அவர் மிதிக்காத வாசல். உள்ளே வரத் தயங்கினார்.

"உக்காருலே," என்றாள்.

உட்கார்ந்தார். அவள் பீரோவைத் திறந்து குப்பிகளை எல்லாம் மடியில் அள்ளி வந்தாள். பேசினைப் போட்டாள், செம்பில் தண்ணீர் எடுத்தாள். முதல் குப்பியின் காகிதத்தைக் கிழித்து மூடியைத் திருகினாள், அப்படியே தம்பியின் காலில் கவிழ்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. அத்தர் வாசனை அறையில் நிறைந்து, தெருவுக்குப் போயிருக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"ஏளா பிலோமி, ஒனக்கென்ன கிறுக்கா? ஒரு சொட்டு போதாதா? எம்புட்டு வெல சாமான்!"

"நீ போளா," என்றாள் பிலோமி, திரும்பாமலே.

ஒரு குப்பிகூட மிச்சம் வைக்கவில்லை. தோணியின் தளத்தில் வெந்து தடித்த அந்தக் கால்களை அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தொம்மை, "விடுக்கா, விடுக்கா" என்று அழுதார். கயிறு பற்றி யாரும் பேசவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்து பேசினைக் கொல்லையில் கொட்டினாள். அந்தோணி சுவரோரம் தன் நாற்காலியில், வாசற்படியில் நிற்கிற அந்நியர் போல ஒடுங்கி இருந்தார்.

பிலோமி பேசினில் புதுத் தண்ணீரோடு வந்து அவர் முன் உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு வெறும் தண்ணிதான்," என்றாள். வலது காலைத் தூக்கி மடியில் வைத்து, வழக்கம்போல விரல் இடுக்கிலிருந்து ஆரம்பித்தாள்.

பெரிய வெள்ளி, காலை 8.00. மணப்பாட்டுப் பஸ் நிறுத்தத்துக்குப் பிலோமி என்னோடு ஆட்டோவில் வந்தாள். குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் தெரிந்தது, கீழே சிலுவைப்பாதை செல்லும் கூட்டம். என் சேலையில் அத்தர் மணம் போகவில்லை. மதுரையில் எங்கள் மருத்துவமனையில் நான் கழுவிய கால்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவினேன். அது வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, கையுறையோடே ஊர் திரும்ப என்னால் முடியவில்லை.

தூரத்தில் பஸ் வந்ததும் சொல்லிவிட்டேன். "பிலோமி, எனக்கு அப்பவே தெரியும். வார்டிலேயே அவர் சொல்லிட்டார். நீ தம்பியைத் திட்டினதைக் கேட்டுக்கிட்டே நான் சும்மா இருந்தேன். நோயாளி விஷயம்னு சாக்குச் சொல்லிக்கிட்டேன். ஒரு வார்த்தை அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், உண்மையைச் சொல்லிடுங்கன்னு. வம்பு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். பஸ் வந்து நின்றது. என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். கம்பியைப் பிடித்து நான் ஏறும்போது கையை ஒரு கணம் அழுத்தினாள்.

"அப்பம் அடுத்த வருசமும் வாங்க, நர்ஸக்கா. இப்பம் பொம்பளைகளுக்கும் கால் கழுவுதாவ. அந்தக் கடைசி நாற்காலி காலியாத்தான் கெடக்கும்."

கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார். தூத்துக்குடி என்று சொல்லி ஐம்பத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.